கதை எழுதக் கடன் வாங்கலாமா?

போன வாரம் என் தங்கை தஞ்சாவூரிலிருந்து வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. வழக்கம்போல் மாவடு கொண்டு வந்திருப்பாள் என்று ஆசையாக வாங்கிப் பார்த்தால், உள்ளே வீட்டுப் பத்திரம்!

"அக்கா, பாங்குல வச்சுக் கடன் வாங்கப் போறேன். ஒரு தரம் பார்த்துச் சொல்லு" என்றாள்.

விஷயம் இதுதான். அவள் பெண்ணுக்கு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. டாக்டர் படிப்பும் அல்ல, கம்ப்யூட்டரும் அல்ல. கதை எழுதப் படிக்க! எம்.எஃப்.ஏ. என்று அதற்கு அங்கே இரண்டு, மூன்று வருஷப் பட்டம். எழுதியதை வகுப்பில் வைத்துக் குறை நிறை அலசுவார்கள். கடைசியில் ஒரு புத்தக அளவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நல்ல படிப்புதான். பெண்ணும் கெட்டிக்காரி, ஆங்கிலத்தில் அழகாக எழுதுவாள். ஆனால் கட்டணம், வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு வருஷத்துக்கு 40 லட்ச ரூபாய்.

தங்கையின் வீட்டுக்காரர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அவர் விட்டுப்போனது அந்த வீடு ஒன்றுதான். வேண்டாம் என்றால் பெண்ணின் ஆசையில் மண். சரி என்றால் தாயின் தலைக்கு மேலுள்ள கூரைக்கு ஆபத்து. நான் பால் கணக்கு நோட்டை எடுத்தேன். பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பாங்குகள் பெரும்பாலும் வீடோ நிலமோ ஈடாகக் கேட்கும். படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். தவணைதான் கிடையாது, வட்டி தூங்காது சகோதரிகளே! நூற்றுக்குப் பத்து வட்டி என்று வைத்துக்கொண்டோம். முதல் வருஷம் 20 லட்சம், அடுத்த வருஷம் 20 லட்சம் வாங்கினால், மூன்றாம் வருஷ முடிவில் தனிவட்டி மட்டும் 10 லட்சம் ஏறியிருக்கும். ஆக 50 லட்சம். அதைப் பதினைந்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 53,700 ரூபாய். மொத்தம் கூட்டினால் ஏறக்குறைய 97 லட்சம்!

அடுத்த பக்கத்தில் வரவு. பெண் ஒரு விளம்பரக் கம்பெனியில் மாதம் 28,000 வாங்குகிறாள். போன வருஷம் மூன்று கதைகள் அச்சில் வந்தன. கிடைத்தது 4,500 ரூபாய்.

"அங்கேயே வேலை பார்த்து அடைச்சிடுவேன் பெரியம்மா" என்றாள்.

அதையும் பார்த்தோம். படிக்கும்போது கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். படிப்பு முடிந்ததும் பயிற்சி வேலைக்கு 12 மாதம் அனுமதி உண்டு. விஞ்ஞானம், என்ஜினீயரிங் படித்தவர்களுக்கு இன்னும் 24 மாதம் கூடக் கிடைக்கும். கதை படித்தவர்களுக்கு அது இல்லை. அப்புறம் ஒரு நிறுவனம் பொறுப்பேற்று விசா வாங்கித் தந்தால்தான் உண்டு. திரும்பி வந்து கல்லூரியில் பாடம் சொல்லித் தரலாம் என்றால், இங்கே நெட் தேர்வோ பிஎச்.டி.யோ கேட்பார்கள்.

பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "டாக்டருக்குப் படிக்கிறேன்னா வாய் பேசாம கையெழுத்துப் போடுவீங்க. எழுத்துன்னா மட்டும் கணக்கா?"

நியாயமான கேள்விதான். கணக்கு எல்லாப் படிப்புக்கும் ஒன்றுதான் என்றேன். டாக்டர் பட்டம் இல்லாமல் வைத்தியம் பார்க்க முடியாது. பட்டம் இல்லாமல் கதை எழுத முடியும். அந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் இத்தனை யோசனை.

எழுத்தாளர் லக்ஷ்மியை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். அவர் நிஜப் பெயர் திரிபுரசுந்தரி. சென்னையில் மருத்துவம் படிக்கும்போது வீட்டில் பணக் கஷ்டம். ஆனந்த விகடனில் கதை எழுதி, அந்தப் பணத்தில் படிப்பைத் தொடர்ந்தார். டாக்டராகவும் இருந்தார், நாவல்களும் எழுதினார், 1984ல் சாகித்ய அகாடமி பரிசும் பெற்றார். எழுதுவதற்காக அவர் கடன்படவில்லை, எழுத்துதான் அவருக்குச் சோறு போட்டது.

அமெரிக்கா போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கேயே பணம் கேட்காமல், எதிரே பணம் கொடுத்துப் படிக்க வைக்கும் இடங்களும் இருக்கின்றன. ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிச்னர் மையம் அப்படிப்பட்டது. 1936ல் தொடங்கிய அயோவா எழுத்துப் பட்டறையிலும் உதவித்தொகை உண்டு. இன்னும் சில இடங்களில் இளநிலை மாணவர்களுக்குக் கட்டுரை வகுப்பு எடுத்தால் கட்டணம் தள்ளுபடி, கைச் செலவுக்கும் பணம். இடங்கள் குறைவு, போட்டி கடுமை, ஒரு தரத்தில் கிடைக்காமல் போகலாம். ஆனால் விண்ணப்பத்தில் தோற்றால் போவது ஒரு வருஷம். கடனில் தோற்றால் போவது வீடு.

இன்னொன்றும் சொன்னேன். எழுதுகிறவளுக்கு முதல் என்பது பணம் அல்ல, நேரம். மாதம் 53,700 கட்ட வேண்டியவள் பகலில் ஒரு வேலை, ராத்திரியில் ஒரு வேலை என்று ஓடுவாள். கதை எழுதுவதற்காக வாங்கின கடன், கதை எழுதும் நேரத்தைத்தான் முதலில் தின்னும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண்ணோ பிள்ளையோ இருந்தால், ஆசையை அடக்காதீர்கள். கூட உட்கார்ந்து மூன்றைப் பாருங்கள். இந்தப் பட்டம் இல்லாமலே கிடைக்கக்கூடிய சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா? தவணை ஆரம்பிக்கும் நாளில் அசலோடு எவ்வளவு வட்டி சேர்ந்திருக்கும்? ஈடு வைப்பது யாருடைய கூரை? முதல் கேள்விக்கு 'முடியாது' என்று பதில் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பத்திரம் மஞ்சள் பைக்குள் திரும்பிப் போயிற்று. பெண் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை, சிறிசின் மனதை ஒடித்துவிட்டோமோ என்று. மூன்றாம் நாள் காலை, நான் காப்பிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் நின்றாள்.

"பெரியம்மா, உதவித்தொகை தர்ற இடமா பார்த்து எட்டு எழுதி வச்சிருக்கேன். அடுத்த வருஷத்துக்குப் போடப் போறேன். அதுவரைக்கும் வேலையை விடலை" என்றாள். கொஞ்சம் தயங்கி, "அந்தப் பால் கணக்கு நோட்டைக் கொஞ்சம் குடுங்களேன்" என்றாள்.

"எதுக்குடி?"

"ஒரு கதைக்கு வேணும்."