பள்ளிக்கூடம் மலையில், வீடு எங்கே?



ஆசிரிய நியமனக் கடிதம் கைக்கு வந்த வீட்டில் முதல் நாள் சந்தோஷம், இரண்டாம் நாள் கவலை. 'ஊவா மாகாணம், பதுளை மாவட்டம்' என்று அதில் எழுதியிருக்கிறது. பிள்ளை பிறந்து வளர்ந்ததோ காத்தான்குடியில் அல்லது சம்மாந்துறையில். கடலும் வயலும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மலை புதிது, குளிர் புதிது, தோட்டத்து மக்கள் பேசும் தமிழும் சற்றுப் புதிதுதான். அந்நேரம் வாப்பாவும் உம்மாவும் கேட்கும் முதல் கேள்வி, "அங்கே நம்மவர்கள் இருக்கிறார்களா?" என்பதே.

இருக்கிறார்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் முஸ்லிம்கள். பதுளை நகரில், பண்டாரவளையில், ஹப்புத்தளையில், பசறையில், லுணுகலையில் பள்ளிவாசல் உண்டு. வெலிமடைப் பக்கம் குருத்தலாவை, சில்மியாபுர என்று முஸ்லிம்கள் நிறைந்த ஊர்களே உண்டு. ஆகவே அந்தக் கேள்விக்கு விடை சுலபம். கேட்க மறந்துவிடுகிற கேள்வி வேறொன்று: பார்க்கும் வீட்டிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் காலையில் எப்படிப் போவது?

பெரும்பாலானோர் கண்ணை மூடிக்கொண்டு பதுளை நகரைத் தேர்ந்தெடுக்கின்றனர். காரணம் புரிகிறது. பெரியாஸ்பத்திரி அங்கே, முஸ்லிம் பாடசாலை அங்கே, ஹலாலான இறைச்சிக்கடை அங்கே. 1924இல் வந்து சேர்ந்த ரயில் பாதை முடிவதும் அங்கேதான். ஆனால் கடிதத்தில் உள்ள பாடசாலை மடுல்சீமையில் ஒரு தோட்டத்து மேற்பிரிவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதுளையிலிருந்து பசறைக்கு ஒரு பஸ், பசறையிலிருந்து மடுல்சீமைக்கு இன்னொரு பஸ், இறங்கிய இடத்திலிருந்து தேயிலை மலையில் ஏற்றம். மணி அடிப்பது ஏழரைக்கு. சுபஹைத் தொழுத கையோடு வெளிக்கிட்டாலும் பஸ் பிந்தினால் முதல் பாடம் போய்விடும். பிற்பகல் ஒன்றரைக்கு விட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். ஆறு மாதம் இப்படி ஓடினால் எந்த மனிதருக்கும் மனம் இடமாற்ற விண்ணப்பத்தின் பக்கம்தான் போகும்.

இதில் நட்டப்படுவது ஆசிரியர் மட்டுமல்ல. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில்தான். அதற்கு முன் பல தோட்டங்களில் ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு சரி. இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. ஆனாலும் மலைக்கு மேலே கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் நிலைத்து நிற்பது குதிரைக் கொம்புதான். வந்தவர் போகிறார், அடுத்தவர் வருவதற்குள் ஒரு தவணை கழிந்துவிடுகிறது. கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளைக்கு ட்யூஷன் வகுப்புக்குக் காசு எங்கே? அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்து ஆசிரியரை விட்டால் வேறு நாதி இல்லை. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது, அந்தப் பிள்ளை சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடைவதா இல்லையா என்பது வரை போய் நிற்கிற விஷயம்.

அப்படியானால் தோட்டத்திலேயே தங்கிவிடலாமா? ஆசிரியர் விடுதி நல்ல நிலையில் இருந்து, கூட இன்னும் இரண்டு ஆசிரியைகள் இருந்தால் யோசிக்கலாம். தனியாக ஒரு பெண்பிள்ளையை இருட்டியபின் பஸ் வராத இடத்தில் விடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். காய்ச்சல் வந்தால் டவுனுக்குக் கொண்டுபோக ஆட்டோ பிடிப்பதே அங்கே பெரும்பாடு.

என் அபிப்பிராயம் நடுவழி. தோட்டங்களுக்குப் பாதை பிரிகிற கடைத்தெருக்கள் இருக்கின்றனவே, பசறை, லுணுகலை, ஹப்புத்தளை போன்றவை, அங்கே வீடு பாருங்கள். பள்ளிவாசல் இருக்கிறது, கடை இருக்கிறது, பாடசாலைக்கு ஒரே பஸ் போதும். இன்னொரு வசதியைப் பலர் கவனிப்பதில்லை. செங்கலடியிலிருந்து மகா ஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு வரும் ஏ5 பாதையில் முதலில் வருவது லுணுகலை, பிறகு பசறை, அதற்குப் பிறகுதான் பதுளை. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வருகிறவர் பதுளை நகரில் குடியிருந்தால் உம்மாவின் வீட்டைத் தாண்டி இன்னும் தூரம் போனவராகிறார்! பொத்துவில், அக்கரைப்பற்றுப் பக்கத்தவர்களுக்கு ஏ4 பாதை: மொனராகலை, வெல்லவாய, கொஸ்லந்தை வழியாக பெரகலையில் இறங்கினால் மேலே ஹப்புத்தளை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். பசறைப் பாதை ஒடுங்கியது, வளைவுகள் கூடியது. 2021 மார்ச்சில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறைக்கருகில் பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டதை மறக்க முடியாது. தினமும் இரண்டு வேளை அந்தப் பாதையில் போய்வருவதைக் குறைக்க முடிந்தால் குறைத்துக்கொள்வது புத்தி.

குளிரையும் கணக்கில் எடுங்கள். பதுளை நகரம் எழுநூறு மீற்றருக்குக் கீழே, ஹப்புத்தளை ஆயிரத்து நானூறு மீற்றருக்கு மேலே. இழுப்பு நோயுள்ள பிள்ளையோ வயதான மாமியோ கூட வருவதானால் ஹப்புத்தளையின் மூடுபனி ஒத்துக்கொள்ளுமா என்று வைத்தியரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இனி வீட்டைப் பற்றி. மலைநாட்டில் வீடு பார்க்கிறவர் சுவரின் பூச்சைப் பார்ப்பதற்கு முன் வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டைப் பார்க்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கிருந்து எழும்பும்படி 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். போக மாற்றிடமில்லாமல் சனங்கள் அங்கேயே இருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. அந்தத் தோட்டத்து மக்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. வாடகைக்கு வீடு தேடும் உங்களுக்குத் தெரிவு இருக்கிறது.

ஆகவே நிலத்தில் அல்லது சுவரில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம் அல்லது மின்கம்பம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, ஓடிக்கொண்டிருந்து திடீரென நின்ற ஊற்று இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த வீடு வேண்டாம், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரியே. அந்த இடம் மண்சரிவு அபாய வலயமா என்று கிராம சேவகரிடம் விசாரியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாவட்டத்தை 1990களிலிருந்தே வரைபடமாக்கி வருகிறது. மழைக்காலத்தில் அவர்கள் விடும் எச்சரிக்கை மூன்று நிலை. மஞ்சள் என்றால் விழிப்பாயிருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகுங்கள், சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். ஒரு நாளில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தாலே கவனம் வேண்டும், 150ஐத் தாண்டினால் அந்தச் சரிவில் நிற்கவே கூடாது. இங்கே பெருமழை மார்கழியை ஒட்டி வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும். கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தக் காலம் பழக்கந்தான், ஆனால் அங்கே வெள்ளம், இங்கே மண்.

பண்டாரவளைப் பக்கம் வீடு பார்ப்பவர்கள் கிணற்றையும் எட்டிப் பாருங்கள். உமா ஓயா சுரங்கம் வெட்டியபோது 2014 கடைசியிலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, வீடுகளும் வெடித்தன. "தண்ணீர் வருடம் முழுதும் வருமா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

பக்கத்து வீடு என்றதும் அரபிகளின் பழமொழி நினைவுக்கு வருகிறது: வீட்டுக்கு முன் அயலவர். அயலவர் உரிமையை ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திக்கொண்டே இருந்ததால், அயலவர் வாரிசாகவே ஆக்கப்பட்டுவிடுவாரோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணியதாக ஹதீஸ் உண்டு. அயலவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களுக்குப் பின் முஸ்லிம்களுக்கு வீடு கொடுக்கத் தயங்கியவர்களும் உண்டுதான். ஆனால் தெருவில் ஒரு சிங்களக் குடும்பமோ தோட்டத்துக் குடும்பமோ உங்களை அறிந்துகொண்டால் அந்தத் தயக்கம் நீங்க நாள் எடுக்காது. தோட்டத்து மக்கள் ஆசிரியருக்குக் கொடுக்கும் மரியாதையை வேறெங்கும் காண்பது அரிது. பொங்கலுக்குத் தட்டு வந்தால் நோன்புப் பெருநாளுக்கு அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது.

நோன்பு என்றதும் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானில் விடுமுறை, தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு இல்லை. உங்கள் பிள்ளைகள் வீட்டிலிருக்க, நீங்கள் நோன்போடு மலையேறுவீர்கள். அந்த மாதத்தில் இரண்டு பஸ் மாறி வருகிறவருக்கும் ஒரே பஸ்ஸில் வருகிறவருக்கும் உள்ள வித்தியாசம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஆண் ஆசிரியர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்வருவதை அதிபரிடம் ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளட்டும். பள்ளிவாசல் அண்மையில் இருந்தால் அவரும் மறுக்க மாட்டார், பிள்ளைகளின் பாடமும் கெடாது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வாப்பாவையோ நாநாவையோ கூட்டிக்கொண்டு, விடுமுறை நாளில் அல்ல, பாடசாலை நடக்கும் ஒரு திங்கட்கிழமை, பார்த்த வீட்டு வாசலிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டுப் பாடசாலை வாசல்வரை போய்வாருங்கள். அந்த முதல் பஸ்ஸில் உங்களோடு ஏறுகிறவர்களில் இரண்டொருவர் அதே பாடசாலை ஆசிரியர்களாகவே இருப்பார்கள். காலியாகும் வீடு எது, வெடித்த சுவர் எது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.