முன்கட்டை உட்காரவில்லை, மேனேஜர் சாப்

வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு, மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் காவலரைக் காட்டி, "சார், இது நிஜமாவே வெடிக்குமா?" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. நானும் இருபது வருஷமாகச் சிரித்து மழுப்பிக்கொண்டுதான் இருந்தேன். கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று போன வருஷம் ஆகஸ்டில்தான் உறைத்தது. ஒழுங்காகப் பூட்டியிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

நான் இப்போது குப்பை கொட்டுவது பீகாரில், பாகல்பூரில். டஸ்ஸர் பட்டுக்குப் பேர் போன ஊர். பக்கத்து மாவட்டம் முங்கேர், துப்பாக்கிக்குப் பேர் போனது. 1760களில் மீர் காசிம் தலைநகரை அங்கே மாற்றி ஆயுதச் சாலை வைத்த நாளிலிருந்து அந்தத் தொழில் நடக்கிறது (லைசென்ஸோடும், இல்லாமலும்!). பி.காம். படித்தவனுக்குத் துப்பாக்கியோடு என்ன சகவாசம் என்று கேட்பீர்கள். கிளையின் லைசென்ஸ் வங்கியின் பெயரில் இருக்கும். காவலர் அதில் ஏந்தி நிற்க அனுமதி பெற்றவர், அவ்வளவுதான். ஏதாவது ஒன்று ஆனால் முதலில் பதில் சொல்ல வேண்டியவன் கிளை மேனேஜர்.

எங்கள் காவலர் முன்னாள் ராணுவத்தினர். எல்லோரும் 'ஃபௌஜி சாப்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் கையில் இருப்பது 12 போர் இரட்டைக்குழல், இந்த ஊர் பாஷையில் 'தோநாலி'. அது மூன்று துண்டாகப் பிரியும். குழல்கள் ஒரு துண்டு. விசையும் தோளில் வைக்கும் கட்டையும் சேர்ந்த பாடி ஒரு துண்டு. குழலுக்கு அடியில் இடது கை பிடிக்கும் சின்ன மரக்கட்டை மூன்றாவது. ஃபோர் எண்ட் என்பார்கள், நான் முன்கட்டை என்கிறேன். சாயங்காலம் பிரித்து பீரோவில் பூட்டுவோம், காலையில் மறுபடி சேர்ப்பார். குழலைப் பாடியின் கீலில் மாட்டி மூடி, முன்கட்டையை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம். எட்டு வருஷமாகத் தினம் கேட்ட சத்தம்.

சுதந்திர தினத்துக்கு முன் சர்வீஸுக்கு அனுப்பினோம். எங்களுடையதும் பக்கத்துக் கிளையுடையதும் ஒரே வண்டியில் ஒரே கடைக்குப் போய், ஒரே வண்டியில் திரும்பின. மறுநாள் காலை 'டக்' வரவில்லை. முன்கட்டை வலப்பக்கம் ஒட்டி, இடப்பக்கம் நகம் நுழையும் இடைவெளியோடு கோணலாக நின்றது.

"மழையில் மரம் ஊதிப்போச்சு மேனேஜர் சாப்" என்றார். கங்கைக் கரையில் ஆகஸ்ட் மாதம், நம்பக்கூடிய விளக்கம்தான். உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். அப்புறம் பேப்பர் வெயிட்டை எடுத்தார். அதுவும் பலிக்காமல், உப்புத்தாள் வாங்கிவர ஆள் அனுப்பப் போனார். அங்கேதான் நிறுத்தினேன். துப்பாக்கி தெரிந்தல்ல. வீட்டில் தங்கமணி ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸியின் ஜாரை இங்கே வாங்கிய மிக்ஸியில் அழுத்தி உட்கார வைத்து, அடியில் இருக்கும் கப்ளர் சிதறிய கதை ஞாபகம் வந்தது :-)

சாப்பாட்டு அறை மேஜையில் துண்டு விரித்தோம். முதலில் இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று அவர் பார்த்தார், நானும் பார்த்தேன். குழலும் பாடியும் முழுசாக மூடியிருக்கிறதா? மூடியிருந்தது. அங்கே மயிரிழை திறந்திருந்தாலும் முன்கட்டை உட்காராதாம். கீலில் பழைய கிரீஸ், துரு? துடைத்தோம், பழையபடியே நின்றது. மரம் ஊதியிருந்தால் மரம் இரும்பைத் தொடும் இடத்தில் பளபளவென்று உரசின தடம் தெரிய வேண்டும் என்றார். தெரியவில்லை. இடித்தது மரமல்ல, உள்ளே இருக்கும் இரும்புதான்.

செல்போன் டார்ச்சை அடித்தபோது என் வேலை ஆரம்பித்தது. குழலின் அடியில் ஒரு எண், பாடியில் அதே எண். முன்கட்டையின் உள் இரும்பில் வேறு எண். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாதபோது வயிற்றில் வருமே ஒரு குளிர்ச்சி, அது வந்தது. கடையில் இரண்டு துப்பாக்கியின் முன்கட்டைகளையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

மாறினால் என்ன, ஒரே 12 போர்தானே என்று நானும் நினைத்தேன். ஃபௌஜி சாப் பட்டாளத்தில் பிடித்தது இன்சாஸ். தொழிற்சாலையில் ஒரே அளவுக்கு அடித்து வரும் ராணுவத் துப்பாக்கியில் இதன் கைப்பிடி உறை அதற்கும் பெரும்பாலும் சேரும். அந்த யோசனையே பெரிய சரித்திரம். 1785ல் பாரிஸில் பிளாங்க் என்ற கொல்லர், கலந்து கொட்டிய துப்பாக்கி விசைப் பாகங்களைக் கைக்கு வந்தபடி எடுத்துச் சேர்க்கலாம் என்று காட்ட, அப்போது அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஜெஃபர்சன் தானே சில விசைகளைச் சேர்த்துப் பார்த்து அசந்துபோய் ஊருக்குக் கடிதம் எழுதினார். நம் தோநாலி அந்த ஜாதி இல்லை. கைவேலைக்காரர் அரத்தால் ராவி ராவி இந்தக் குழலுக்கு இந்தக் கட்டை என்று பொருத்துவது. அதனால்தான் மூன்றிலும் எண் அடிக்கிறார்கள். ராணுவப் பயிற்சியே இங்கே அவரைத் தப்பாக நடத்தியது. அது அவர் குற்றமா?

பக்கத்துக் கிளை மேனேஜருக்குப் போன் போட்டேன். "நம்மது பிரமாதமாக உட்கார்ந்திருச்சே" என்றார். எப்படி என்று கேட்டதும் கொஞ்சம் தயங்கினார். அவருடைய காவலர் அரத்தால் நாலு இழுப்பு இழுத்து, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டாராம். அவர் அரம் போட்டது எங்கள் கட்டையில்.

இதில் விளையாட்டு இல்லை. குழலைக் கீலோடு பிடித்து வைப்பதே அந்தச் சின்னக் கட்டைதான். கொக்கி சரியாகப் பிடிக்காமல் சுட்டு, உதையில் அது கழன்றால், அடுத்து திறக்கும்போது குழல் கையோடு வந்துவிடும். அந்த நேரத்தில் ஹாலில் பென்ஷன் வாங்க வந்த பெரியவர்கள் முப்பது பேர் நிற்பார்கள்.

என் ஆதங்கம் கடைக்காரர் மேல்கூட இல்லை. எங்கள் ரிஜிஸ்டரில் துப்பாக்கிக்கு ஒரே ஒரு எண். ஆடிட்டர் வந்தால் லைசென்ஸ் தேதியைப் பார்ப்பார், தோட்டாவை எண்ணுவார், டிக் போடுவார். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸே மூன்று வருஷத்துக்குப் பதில் ஐந்து வருஷம் ஓடுகிறது, ஆக அந்தக் காகிதத்தைப் புரட்டும் தடவையும் குறைந்தாயிற்று. இரும்பைத் திறந்து பார்ப்பவர் யாரும் இல்லை. ஃபௌஜி சாப் இந்த எட்டு வருஷத்தில் அந்தத் துப்பாக்கியால் சுட்டது மொத்தம் நாலு தோட்டா. தங்க நகைக் கடனுக்குக் கல் தனி, பொன் தனி என்று மில்லிகிராம் எழுதுகிற நாம், அந்த நகையைக் காக்கும் ஆயுதத்துக்கு மூன்று எண் எழுத மாட்டோமா? மூன்று எண், வருஷத்துக்கு ஒரு முறை விஷயம் தெரிந்தவர் கையால் பரிசோதனை, காவலருக்குப் பத்துத் தோட்டாவாவது பயிற்சி. இதற்கு வழியில்லை என்றால் துப்பாக்கியை எடுத்துவிட்டு நல்ல அலாரமும் கேமராவும் வைப்பது நேர்மை. பயமுறுத்தத்தானே, அப்படியே இருக்கட்டும் என்பது எனக்கு ஒப்பவில்லை. பூட்டாத துப்பாக்கி திருடனைவிட ஃபௌஜி சாப்பைத்தான் முதலில் காயப்படுத்தும்.

மேலிடத்துக்கு இரண்டு பக்கம் எழுதினேன். பதிலாக லைசென்ஸ் நகல் கேட்டார்கள். அனுப்பினேன்.

இரண்டு துப்பாக்கியும் மறுபடி கடைக்குப் போய், எங்கள் கட்டைக்கு மரம் ஒட்டி, புதுக்கொக்கி போட்டுவர மூன்று வாரம். அதுவரை ஃபௌஜி சாப் வாசலில் லாட்டியோடு நின்றார். ஒரு வாடிக்கையாளர்கூட கவனிக்கவில்லை. அவருக்குத்தான் அவமானம். ஸ்டூலில் உட்காரவே மாட்டேன் என்றார்.

இப்போது காலையில் நான் சாவியோடு வந்ததும் மூன்று துண்டையும் திருப்பி, ஹிந்தியில் சத்தமாக எண் படிக்கிறார். நான் நோட்டில் டிக் போடுகிறேன். அதன் பிறகுதான் 'டக்'.