பூசி மெழுகினால் ஒழுகல் நிற்காது

பாபநாசம் பக்கத்தில் அரவை மில்லுக்குத் தகரக் கொட்டகை போட்டிருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் கூரைமேல் ஆளை ஏற்றிவிடுவார்கள். தகரத்தைத் துளைத்துக்கொண்டு மழை இறங்காது. போல்ட்டுக்காகப் போட்ட துளைதான் அதற்கு வழி. வாஷர் வெடித்த இடத்தில் புகுந்து, சட்டத்தோடு ஓடி, நாலடி தள்ளியிருக்கும் நெல் மூட்டைமேல் சொட்டும்.

பழைய பாய்மரப் படகுக்கும் இதே நோய்தான்.

இந்தியக் கடற்படையின் 'தாரிணி' 2017இல் சேவைக்கு வந்த ஃபைபர் பாய்மரப் படகு. அடுத்த ஆண்டே உலகைச் சுற்றி வரும்போது சுக்கான் இயக்கும் கருவி பழுதாகி மொரீஷியஸில் ஒதுங்க நேர்ந்தது. கடற்படை அதிகாரிகளான புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும் அதே படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள். இடையில் நான்கு துறைமுகங்களில் நின்றது உணவுப் பொருள்கள் ஏற்ற மட்டுமல்ல, பழுது பார்க்கவும்தான். வரவேற்புச் செய்திகளில் அந்தப் பகுதி ஒரு வரியோடு முடிந்துபோனது.

இத்தகைய ஃபைபர் படகுகள் பலவற்றில் மேல்தளம் மேலும் கீழும் ஃபைபர், நடுவில் லேசான மரம் என்று இருக்கும். கயிறு கட்டும் கொம்பு, கப்பி, கைப்பிடி எல்லாவற்றுக்கும் அதில் துளை போட்டிருப்பார்கள். பாய் இழுக்க இழுக்க போல்ட் அசையும், பசை விடும், ஈரம் மரத்துக்குள் இறங்கும். சுத்தியலால் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டிய இடம் 'டொப்' என்னும்.

உடனே சிலிகான் குழாயை எடுத்து வெளியே சுற்றிப் பூசுகிறார்கள். தமிழில் பூசி மெழுகுவது என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஈரம் உள்ளேயே அடைபட்டு, மரம் இன்னும் வேகமாக உளுக்கும்.

மரக்கலக் காலத்தில் பலகை இடுக்கில் பஞ்சுத்திரி திணித்து அடைப்பதற்குக் 'கலப்பத்து' என்று பெயர் இருந்தது, அதற்கென்றே ஆட்களும் இருந்தார்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்காவின் குளூஸ்டர் வரை போய்ச் சேர்ந்ததில் அவர்களுக்கும் பங்குண்டு. சுனாமிக்குப் பிறகு நாகைக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின, ஆனால் அவற்றின் பராமரிப்புக்கு அப்படியொரு பெயர்கூட அமையவில்லை. டெல்டாவின் ஐடிஐக்களில் வெல்டிங் சொல்லித்தருவதுபோல இதையும் ஒரு பாடமாக்கலாம். புதுப் படகுக்கு மானியம் தரும் அரசு, பழைய படகின் பழுதுக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.

பாடம் பெரிதல்ல, பொறுமைதான் வேண்டும். கழற்று, சுரண்டு, காயவிடு. துளையைப் பெரிதாக்கி எபாக்சியால் நிரப்பி, அது இறுகியபின் அதற்குள்ளேயே புதுத் துளை போடு. இனி ஈரம் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. பிறகு துளை வாயைச் சற்றே சரித்துச் சீவி, சீலன்ட் வைத்து முடுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. மேலே ஒருவர் போல்ட் தலையை அசையாமல் பிடிக்க, அடியில் மல்லாந்து படுத்தவர் நட்டைத் திருகுவார். மேலிருப்பவர் ஆர்வத்தில் ஸ்பேனரைத் திருப்பினால் பசை அறுந்துவிடும். கீழிருந்து குரல் வரும்: "அண்ணே, திருப்பாதீங்க, பிடிச்சிக்கிட்டா போதும்!"