பத்மினிக்குப் பல் பிடுங்கிய கதை

ஊட்டிக்குப் போனால் நமக்கு மட்டும்தான் மூச்சு வாங்கும் என்று நினைக்கிறோம். காருக்கும் வாங்கும், ஸார். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். கோயமுத்தூரில் ட்யூன் பண்ணின பழைய கார்பரேட்டருக்கு இந்தப் பூகோளமெல்லாம் தெரியாது. அது பாட்டுக்குப் பழைய கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றும். காற்று பற்றாமல் பெட்ரோல் அரைகுறையாக எரியும். போதாக்குறைக்கு, காலைக் குளிரில் சோக்கை இழுத்துவிட்டுக் குளிக்கப் போகிறவர்கள் வேறு. அத்தனை கரியும் ஸ்பார்க் ப்ளக்கின் மூக்கிலும் மரையிலும் அப்பிக்கொள்ளும். உள்ளே கரி, வெளியே பனியும் மழையும் ஏற்றிய துரு. வருஷக்கணக்கில் கழற்றாமல் விட்ட ப்ளக், எஞ்சினோடு சம்பந்தமே செய்துகொண்டு விடும். பிரிக்கப் போனால், மளுக்!

குன்னூரில் ஒரு டீ எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பர், அப்பா வைத்துவிட்டுப் போன ப்ரீமியர் பத்மினியை விற்க மனசில்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார். (பத்மினி என்று பேர் வைத்தால் ஆடாமல் என்ன செய்யும்?) அந்தக் கார் உற்பத்தி நின்றே இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோத்தகிரிக்குப் பெண் பார்க்கக் கிளம்பினவர், வண்டி மூன்று சிலிண்டரில் இருமவே, ஓரம் கட்டி, கொதிக்கிற எஞ்சினில் பானாவை மாட்டி ஓர் எம்பு எம்பினார். ப்ளக்கின் தலை கையோடு வந்தது. கழுத்துக்குக் கீழே எஞ்சினுக்குள். பெண் வீட்டுக்கு பஸ்ஸில் போனார். (பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. பஸ்ஸில் போனதால்தான் என்கிறார் அவர் அம்மா.)

"அலுமினிய ஹெட்டு தம்பி இது... சூட்டுல கை வைப்பாங்களா?" என்றார் மெக்கானிக் பாய். சூடான அலுமினியத்தில் இரும்பு ப்ளக்கை முறுக்கினால், ஹெட்டின் மரையும் சேர்ந்து வந்துவிடுமாம்.

மிச்ச மூன்றையும் அவர் எடுத்த அழகை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ராத்திரி முழுக்க வண்டியை ஆறவிட்டார். காலையில் ப்ளக் குழிகளில் காற்றடித்து மண்ணை ஊதினார். இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். சுற்றிலும் டீசல் விட்டார். ஒரு டீ. பிறகு பானாவை நேராக மாட்டி அரைக்கால் திருப்பு. கிறீச் என்றதா? உடனே பின்னால் திருப்பு. மறுபடி டீசல், மறுபடி டீ. மூன்றாவது ப்ளக் மட்டும் நாலு டீ குடித்தது.

பானா கோணலாகச் சாய்ந்து மேல் பீங்கான் மட்டும் உடைந்தால் பயமில்லை. கீழே ஆறு பட்டை இரும்பு இருக்கிறது, அதைப் பிடித்துத் திருப்பலாம். இரும்பே அறுந்தால்தான் வில்லங்கம். இடது மரை போட்ட 'ஈஸி அவுட்'டை உள்ளே செலுத்தித் திருப்ப வேண்டும். பேர்தான் ஈஸி. நண்பரின் ப்ளக் அதற்கும் மசியவில்லை. ஹெட்டை இறக்கி, லேத் பட்டறைக்கு அனுப்பி, புது காஸ்கெட் போட்டு... ஒரு மாசச் சம்பளம் காலி. புது ப்ளக் ஒன்று இருநூறு ரூபாய்க்குள்தான்.

இது நம் ஊர் வியாதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரை வந்த ஃபோர்டு எஃப்-150 வண்டிகளில், 5.4 லிட்டர் எஞ்சினில் ப்ளக்கின் கீழ்ப் பாதி கரியில் ஒட்டிக்கொண்டு உடைந்தே மானத்தை வாங்கியது. மெக்கானிக்குகளுக்கு கம்பெனி அனுப்பிய சுற்றறிக்கை: எஞ்சின் ஆறட்டும், அரைக்கால் முதல் கால் திருப்பு மட்டும், க்ளீனர் ஊற்றிக் காத்திரு. டீயைத் தவிர மற்றதெல்லாம் நம்ம பாய் சொன்னதுதான்!

புது ப்ளக்கை மாட்ட ஒரு சின்ன உபாயம். ஒரு சாண் பெட்ரோல் ட்யூபை அதன் தலையில் செருகி, ட்யூபை விரலால் திருகுங்கள். மரை மாறி ஏறினால் ட்யூப் வழுக்கும், ஹெட் பிழைக்கும். கையால் முழுக்க இறுகியபின் பானாவால் அரைச் சுற்று. அவ்வளவே. பலத்தைக் காட்ட ஜிம் இருக்கிறது.

கழற்றின ப்ளக்கை உடனே வீசிவிடாதீர்கள். மூக்கு காப்பிப் பொடிக் கலரில் இருந்தால் எஞ்சின் சௌக்கியம். உலர்ந்த கறுப்பு என்றால் கார்பரேட்டரைப் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு என்றால், தம்பி, கொஞ்சம் பெரிய செலவு.