கடலுக்குள் ஓடும் ஆறு



கரையோரக் கிராமங்களில் வாழும் உங்களுக்கு நீரோட்டம் என்பது புதிய சொல் அல்ல. வலை இழுபடும் பக்கத்தைக் கொண்டே கடலின் போக்கை அறிந்துகொள்ளும் குடும்பங்கள் எம்மிடையே உள்ளன. எமது தீவுக்குத் தெற்கே ஓடும் பெரிய நீரோட்டம் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்கு நோக்கியும், வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கு நோக்கியும் செல்கிறது. காற்றுத் திரும்பினால் நீரும் திரும்புகிறது.

காற்றினால் மட்டுமன்றி நீரின் பாரத்தினாலும் ஓடுகின்ற மிகப் பெரிய நீரோட்டம் ஒன்று அத்திலாந்திக் சமுத்திரத்தில் உள்ளது. பூமி சூடாகி வருவதால் அது மெலிந்துவிடுமா, ஒருநாள் நின்றே போகுமா என்ற கேள்வி இப்போது அடிக்கடி செய்திகளில் வருகிறது. அது நின்றால் ஆசியாவின் பருவமழையும் குழம்பும் என்பதால், தொலைவில் உள்ள அந்தக் கடலைப் பற்றி நாமும் அறிந்திருப்பது அவசியமாகும்.

இது எப்படி ஓடுகிறது என்பதைக் குசினியிலேயே விளங்கிக்கொள்ளலாம். நல்ல தண்ணீரில் முட்டையைப் போட்டால் தாழும். அதில் உப்பை நிறையக் கரைத்தால் மிதக்கும். ஏனெனில் உப்புநீர் நல்ல நீரைவிடப் பாரமானது. அதேபோல் குளிர்ந்த நீர் சூடான நீரைவிடப் பாரமானது. வெப்ப வலயத்தில் சூடேறிய உப்புநீர் வடக்கு நோக்கி ஓடி, கிறீன்லாந்து, ஐஸ்லாந்துப் பக்கக் கடல்களில் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது. அங்கே குளிர்ந்து, பாரமாகி, ஆழத்துக்குத் தாழ்ந்து, மீண்டும் தெற்கே திரும்புகிறது. இவ்வாறு செக்கனுக்கு ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் கனமீற்றர் நீர் நகர்கிறது. உலகின் ஆறுகள் எல்லாம் சேர்ந்து கடலில் விடும் நீரைவிட இது பத்து மடங்குக்கும் மேலானது.

கிறீன்லாந்தின் பனிப்படலம் உருகுவதே இப்போதைய சிக்கல்களில் ஒன்று. 1992 முதல் 2020 வரை அங்கிருந்து ஏறத்தாழ 5 இலட்சம் கோடி தொன் பனி கடலில் சேர்ந்துள்ளது. பனி உருகிய நீரில் உப்பில்லை. அது கலக்கும்போது மேல்நீரின் உப்புக் குறைந்து பாரமும் குறைகிறது. கடலின் மேற்பரப்புச் சூடாவதும் இதே விளைவைத் தருகிறது. பாரம் குறைந்த நீர் தாழ மறுக்கும். தாழும் நீர் குறைந்தால் ஓட்டமும் மெலியும்.

இது முன்னரும் நடந்திருக்கிறது. ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன், உறைபனிக் காலம் முடிந்து பூமி சூடாகிக்கொண்டிருந்த வேளையில் இந்நீரோட்டம் மெலிந்தது. வட அத்திலாந்திக் பகுதியில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கடுங்குளிர் திரும்பியது. அதே காலத்தில் ஆசியப் பருவமழை குன்றியதைச் சீனக் குகைகளில் வளர்ந்த சுண்ணக்கற்கள் காட்டுகின்றன.

அப்படியானால் இன்று நிலைமை என்ன? இங்கேதான் செய்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். 1957 முதல் 2004 வரை கப்பல்களில் சென்று ஐந்து தடவை அளந்ததை வைத்து, ஓட்டம் 30 வீதம் குறைந்துவிட்டது என்று 2005 இல் அறிவிக்கப்பட்டது. உலகமே பரபரப்படைந்தது. ஆனால் 2004 இல் பஹாமாஸ் தொடக்கம் ஆபிரிக்கக் கரை வரை கடலடியில் நங்கூரமிட்ட கருவிகள் இடைவிடாது அளக்கத் தொடங்கியபோது, ஓராண்டுக்குள்ளேயே ஓட்டம் அதைவிடப் பெரிதாக ஏறி இறங்குவது தெரியவந்தது. ஐந்து நாள் பார்த்து ஒருவரின் குணத்தைச் சொல்ல முடியாது அல்லவா? இப்போது 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பதிவு உள்ளது. அதில் மெல்லிய குறைவு ஒன்று தென்படுகிறது.

ஐக்கிய நாடுகளின் காலநிலை விஞ்ஞானிகள் குழு 2021 இல் இரண்டு விடயங்களைப் பிரித்துச் சொன்னது. இந்த நூற்றாண்டில் நீரோட்டம் மெலியும் என்பதற்கு மிக அதிக வாய்ப்பு உண்டு. 2100க்கு முன் அது திடீரென நின்றுவிடாது என்பதில் நடுத்தரமான நம்பிக்கையே உண்டு. 2023 இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீற்றர் டிட்லெவ்சன், அவரது சகோதரியும் புள்ளிவிபரவியல் பேராசிரியருமான சூசன் டிட்லெவ்சன் ஆகியோர், 2025க்கும் 2095க்கும் இடையில் அது நிலைகுலையலாம் எனக் கணக்கிட்டனர். இந்தக் கணிப்பை வேறு விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை. எனினும் 2024 ஒக்டோபரில் 44 விஞ்ஞானிகள், இந்த ஆபத்து குறைத்து மதிப்பிடப்படுகிறது என வட ஐரோப்பிய நாடுகளின் அமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினர்.

ஆகவே, "மெலிகிறது" என்பதும் "நின்றுவிடும்" என்பதும் ஒன்றல்ல. முதலாவதை எதிர்பார்த்தே ஆக வேண்டும். இரண்டாவதற்கு நாள் குறிக்க முடியாது. ஆனால் நாள் குறிக்க முடியாத ஆபத்து என்பதற்காக அதை இல்லையென்று தள்ளிவிடவும் முடியாது. அது நடந்தால் வெப்ப வலயத்தின் மழைப்பட்டை தெற்கே நகரும், மேற்கு ஆபிரிக்காவிலும் தெற்காசியாவிலும் பருவமழை குன்றும் என்பதே விஞ்ஞானிகளின் கணிப்பு. அந்த மழையை நம்பி வயல் செய்பவர்கள் கோடிக்கணக்கானோர். வளிமண்டலத்தில் கரி வாயுவைச் சேர்த்ததில் அவர்களின் பங்கோ மிகச் சிறிது.

சகோதரிகளே, யுத்த காலத்தில் ஒரு செய்தி வந்தால் "இதைக் கண்டவர் யார், கேட்டவர் யார்?" என்று விசாரித்தே பிள்ளைகளையும் பொதிகளையும் தூக்கினோம். வதந்தியை நம்பி ஓடியவர்களும் துன்பப்பட்டார்கள், எச்சரிக்கையை நம்பாமல் இருந்தவர்களும் துன்பப்பட்டார்கள். காலநிலைச் செய்திகளுக்கும் அதே விசாரணை வேண்டும். அளந்தவர் யார்? எத்தனை ஆண்டுகள் அளந்தார்கள்? மற்றவர்கள் ஒத்துக்கொள்கிறார்களா?

எம்மால் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதர் சங்கமும் ஒரு கொப்பி வைத்திருக்கலாம். முதல் மழை விழுந்த நாள், சோளகம் தொடங்கிய நாள், வாடை தொடங்கிய நாள், கிணற்று நீர் உவர்த்த நாள், கருவாடு காயப்போட முடியாமல் போன நாட்கள் ஆகியவற்றை அதில் எழுதி வாருங்கள். ஓராண்டுப் பதிவில் ஒன்றும் தெரியாது. பத்தாண்டுப் பதிவு கையில் இருந்தால், விதைப்புத் திகதி பற்றியோ நிவாரணம் பற்றியோ அதிகாரிகளிடம் பேசும்போது உங்கள் சொல்லுக்கு ஆதாரம் இருக்கும். எழுதத் தெரியாத அம்மாக்கள் சொல்ல, பாடசாலை செல்லும் பிள்ளைகள் எழுதட்டும்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.