மஞ்சள் இருக்க சோப்பு எதற்கு?

விளாத்திகுளம் கரிசல் சீமையில் மஞ்சள் இல்லாத வீடு கிடையாது. குழம்புக்கும் மஞ்சள், குளிக்கவும் மஞ்சள். காட்டு வேலையில் முள் குத்தினால், அதற்கும் மஞ்சள்தான்.

அந்த மஞ்சளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை உண்டா?

உண்டு. ஆனால், அதற்குக் காலம் இன்னும் கனியவில்லை.

ஆஸ்பத்திரியில் தொற்றும் நோய்

பெரிய சிகிச்சை என்றால், விளாத்திகுளத்து மக்கள் தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் போகிறார்கள். ஒரு நோயைத் தீர்க்கப் போகிறவர், அங்கே வேறொரு நோயை வாங்கிக்கொள்வதும் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. ஆஸ்பத்திரியில் சேரும் 100 பேரில், பணக்கார நாடுகளில் 7 பேருக்குப் புதிதாகக் கிருமி தொற்றுகிறது. ஏழை நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் 15 பேருக்குத் தொற்றுகிறது!

சிறுநீர் போக முடியாதவருக்குக் குழாய் வைப்பார்கள். கிருமிகள் அந்தக் குழாயில் ஒட்டிக்கொள்ளும். கண்மாய்ப் படியில் பாசி படிவது போலப் படர்ந்து, வழுவழுப்பான போர்வை ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். அதன்பிறகு மருந்து எளிதில் அண்டாது.

கிருமிகளின் தண்டோரா

கிருமிகளுக்கு வாய் இல்லை. ஆனாலும் அவை பேசிக்கொள்கின்றன! ஒவ்வொன்றும் ஒரு ரசாயனப் பொருளைக் கசியவிடும். அந்தப் பொருள் அதிகமானால், "ஆள் சேர்ந்துவிட்டது" என்று அர்த்தம். உடனே போர்வை வேலை மும்முரமாகும்.

இந்தத் தண்டோராவை அடக்க முடியுமா?

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சோதித்தார்கள். மஞ்சளில் உள்ள 'குர்குமின்' என்ற பொருளை, சிறுநீர்ப் பாதையில் நோய் உண்டாக்கும் கிருமிகளுடன் சேர்த்தார்கள். கிருமிகளின் பேச்சு குழம்பியது. போர்வை மெலிந்தது. வழக்கமான மருந்துகளுக்கும் அவை முன்பைவிட எளிதில் பணிந்தன. 2014-ல் இந்த முடிவு வெளியாயிற்று. 2012-ல் சீரகத்திலும் இதுபோன்ற பலனைக் கண்டிருந்தார்கள்.

தையலில் பூசலாமா?

கூடாது! இது சோதனைச் சாலையில் கண்ட பலன். நோயாளியிடம் கண்ட பலன் அல்ல. குர்குமின் தண்ணீரில் எளிதில் கரையாது. சாப்பிட்டாலும் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேரும்.

"பச்சை உடம்பு, மஞ்சள் பூசினால் சீக்கிரம் ஆறும்" என்று பாட்டி சொல்லலாம். அன்பினால் சொல்வதுதான். ஆனால் அம்மியில் உள்ள கிருமியும் மஞ்சளோடு சேர்ந்து தையலுக்குள் போய்விடுமே!

1847-ல் வியன்னா நகர ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவம் பார்க்குமுன் குளோரின் கலந்த நீரில் கை கழுவவேண்டும் என்றார். தாய்மார்களின் சாவு வெகுவாகக் குறைந்தது. இன்றும் அதுதான் முதல் காவல்.

ஒவ்வொரு வார்டிலும் தண்ணீரும் சோப்பும் இருக்கும்படி அரசு பார்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் ஆராய்ச்சி தொடரவும் பணம் ஒதுக்க வேண்டும்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள், தொடுமுன்னும் தொட்டபின்னும் கை கழுவ வேண்டும். குழாயையும் கட்டையும் தொடவே கூடாது. "கை கழுவிவிட்டீர்களா, டாக்டர்?" என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

மஞ்சளை மருந்தாக்குவது விஞ்ஞானிகளின் பொறுப்பு. கையைச் சுத்தமாக வைத்திருப்பது எல்லோருடைய பொறுப்பு!