பழைய படங்களை முழுதாகப் பார்ப்போம்

பழைய திரைப்படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், நம் கல்லூரியில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடும். ஒரு கட்சி, "அது பொற்காலம்! இனி அப்படியொரு படம் வருமா?" என்று பெருமூச்சு விடும். மற்றொரு கட்சி, "அறுவை! மூன்று மணி நேரம் யார் உட்காருவது?" என்று கொட்டாவி விடும். ஆசிரியர் அறையில் முதற் கட்சிக்கும், வகுப்பின் கடைசி இருக்கைகளில் இரண்டாம் கட்சிக்கும் பெரும்பான்மை உண்டு. இரு கட்சியாரிடமும் பணிவுடன் ஒன்று கேட்கிறேன். நீங்கள் போற்றுகின்ற அல்லது ஏசுகின்ற அந்தப் படத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

பெரும்பாலோர் பார்ப்பதில்லை. கைபேசியில் இரண்டு நிமிடத் துண்டுகளாக வருவதைத்தான் பார்க்கிறோம். ஒரு பாட்டு, ஒரு நகைச்சுவை, ஒரு வீர வசனம். அதற்குள் விரல் அடுத்ததற்குத் தாவிவிடுகிறது. துண்டைப் பார்த்தே போற்றுகிறோம்; துண்டைப் பார்த்தே கேலியும் செய்கிறோம்.

'பராசக்தி'யை எடுத்துக்கொள்வோம். 1952-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த படம். கலைஞர் மு. கருணாநிதியின் வசனம், கிருஷ்ணன் - பஞ்சுவின் இயக்கம், சிவாஜி கணேசனின் முதல் படம். இதில் வரும் நீதிமன்றக் காட்சியைத் துண்டாகப் பார்க்காத தமிழர் குறைவு. குரலின் முழக்கத்தைக் கேட்டுக் கைதட்டுகிறோம். ஆனால் அந்த வழக்கு எதைப் பற்றியது? கூண்டில் நிற்கும் குற்றவாளி யார்? துண்டை மட்டும் பார்த்தவருக்கு விடை தெரியாது.

கூண்டில் நின்று முழங்குபவன் குணசேகரன். அவன் பேசுவது தங்கை கல்யாணிக்காக. அவள் கணவனையும் தந்தையையும் இழந்தவள். வீட்டை இழந்து, இட்லி சுட்டு விற்றுப் பிழைக்கப் பார்க்கிறாள். வம்பன் ஒருவன் வருகிறான். கள்ளச்சந்தைப் பணக்காரன் ஒருவன் வருகிறான். அடைக்கலம் தேடிச் சென்ற கோயிலில் பூசாரியே துரத்துகிறான். இறுதியில் பசிக்கொடுமை தாங்காமல் பெற்ற பிள்ளையை ஆற்றில் வீசிவிடுகிறாள். அந்தக் கொலைக் குற்றத்துக்காக அவள்மீதும், பூசாரியைத் தாக்கியதற்காகக் குணசேகரன்மீதும் வழக்கு. அவள் வழக்கில் அவளுடைய அண்ணன் ஒருவனே நீதிபதியாக அமர்ந்திருக்கிறான். இவ்வளவையும் பார்த்த பிறகு அந்த வசனத்தைக் கேட்டுப் பாருங்கள். கைதட்டத் தோன்றாது, தொண்டை அடைத்துக்கொள்ளும். அந்த வசனத்தின் வலிமை முழக்கத்தில் பாதி. அந்த இட்லிக் கடையில் பாதி. துண்டில் அந்த இரண்டாம் பாதி வருவதில்லை.

இதை எனக்கு எடுத்துச் சொன்னவர் என் அப்பத்தா. பள்ளிக்கூடத்துப் படி ஏறாதவர். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைப்பவர். டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட்டு வாங்கி மணலில் உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறை. அந்தத் தலைமுறைக்குத் திரைப்படம் மூன்று மணி நேரத்தோடு முடிந்துவிடவில்லை. வானொலியில் ஒலிச்சித்திரமாகவும், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் இசைத்தட்டாகவும், சந்தையில் விற்ற பாட்டுப் புத்தகமாகவும் அது திரும்பத் திரும்ப வந்தது. எழுத்தறியாதவர்கள் எத்தனையோ பேர் வசனத்தை மனப்பாடமாகச் சொன்னது அப்படித்தான். நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கிறோம். நம் வீடுகளில் நூல் அடுக்கு இருந்ததில்லை. ஆனால் இந்தப் படங்கள் இருந்தன. நம் பெரியவர்கள் நீதியைப் பற்றியும், கடனைப் பற்றியும், சாதியைப் பற்றியும், அண்ணன் தங்கை உறவைப் பற்றியும் வாதாடியபோது அவர்கள் கைக்கொண்ட மேற்கோள்கள் பலவும் இவற்றிலிருந்து வந்தவையே. ஆகவே பழைய படங்களைப் பார்ப்பது என்பது நம் வீட்டாரின் படிப்பை நாம் படிப்பதாகும் என்பது என் துணிபு.

அப்படியானால் எல்லாவற்றையும் கும்பிட வேண்டுமா? வேண்டியதில்லை. பெருவெற்றி பெற்ற 'பட்டிக்காடா பட்டணமா' (1972) படத்தின் கதை என்ன? வெளிநாட்டில் படித்த பெண் ஒருத்தி கிராமத்துக் கணவனுக்கு அடங்கி வருவதுதான். சிவாஜியும் ஜெயலலிதாவும் நடித்திருக்கும் அழகை நானும் ரசிக்கிறேன். ஆனால் படிப்பு என்றால் திமிர், நாகரிகம் என்றால் கேடு, அடக்கம் என்றால் பெண்மை என்று அந்தக் கதை போடும் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டில் முதற் பட்டதாரியாகப் போகிற பெண் நான். "படித்தவளுக்கு வாய் நீளம்" என்று ஊரில் யாரேனும் சொல்லும்போது, அந்தச் சொல் எங்கிருந்து உரம் பெற்றது என்று தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு உண்டு. அதைத் தெரிந்துகொள்ளவும் படத்தை முழுதாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

மறுபுறம், "பழைய படமா? வெறும் பாட்டுதான்!" என்று சொல்பவர்கள் 'அந்த நாள்' (1954) படத்தைப் பார்க்கட்டும். எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த படம். ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. ஜப்பானியர் சென்னைமீது குண்டு வீசிய 1943-ஆம் ஆண்டைப் பின்னணியாகக் கொண்ட கொலைக்கதை. ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் நடந்ததைச் சொல்ல, உண்மை கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படுகிறது. கதைநாயகனே நாட்டைக் காட்டிக்கொடுத்தவன்! வளர்ந்துவரும் நாயகன் ஒருவர் இப்படி ஒரு வேடம் ஏற்பதற்கு இன்றும் துணிவு வேண்டும். ஆக, 'பழைய படம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் போற்றவும் முடியாது, தூற்றவும் முடியாது.

தொலைக்காட்சிக்கும் இதே பேச்சுத்தான். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', உழவர்களுக்கு 'வயலும் வாழ்வும்', நேயர் கடிதங்களுக்கு 'எதிரொலி' என்று பெரியவர்கள் இன்றும் உருகுகிறார்கள். 1987-88-இல் ஒளிபரப்பான இராமாயணத் தொடரை 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது தூர்தர்ஷன் மீண்டும் காட்டியது. நாடெங்கும் பெருந்திரளானோர் பார்த்தனர். "ஒரே அலைவரிசை, ஒரே குடும்பமாக உட்கார்ந்தோம்" என்கிறார்கள். அந்த இன்பத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த வீட்டில் உட்கார்ந்தார்கள் என்றும் கேட்க வேண்டுமல்லவா? தெருவுக்கு ஒரு பெட்டி இருந்த காலம் அது. சிலர் கூடத்தில் பாயில் அமர்ந்தார்கள். சிலர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்கள். எங்கள் தெருவில் பல வீடுகளுக்குப் பெட்டி வந்தது, 2006-க்குப் பிறகு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கியபோதுதான். பழைய நிகழ்ச்சியை மீண்டும் பார்க்கும்போது, திரையில் தெரிவதோடு சன்னலுக்கு வெளியே நின்றவர்களையும் நினைத்துக்கொண்டால்தான் அந்தக் காலம் முழுதாகத் தெரியும்.

இவ்வளவும் சொல்ல ஒரு அவசரக் காரணம் உண்டு. பார்க்கலாம் பார்க்கலாம் என்று நாம் தள்ளிப்போடும் படங்கள் காத்திருப்பதில்லை. வேதியியல் மாணவி என்ற முறையில் இதைச் சற்று விளக்குகிறேன்.

1950-களின் தொடக்கம் வரை படச்சுருள்கள் பெரும்பாலும் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனவை. நம் பாடநூலில் வெடிமருந்துப் பகுதியில் வரும் நைட்ரோ செல்லுலோஸின் உடன்பிறப்புதான் இது. எரிவதற்குரிய ஆக்சிஜன் இதன் மூலக்கூறிலேயே இருப்பதால், தீப்பிடித்தால் நீருக்குள் அமிழ்த்தினாலும் அணையாது. 2003 சனவரியில் புனேயில் நைட்ரேட் சுருள்கள் வைத்திருந்த கிடங்கில் தீப்பிடித்துப் பழம்படங்கள் பல அழிந்தன. இதற்கு மாற்றாக வந்த செல்லுலோஸ் அசெட்டேட் தீயிலிருந்து காத்தது. வெப்பத்திலிருந்தும் ஈரத்திலிருந்தும் காக்கவில்லை. நாளடைவில் அது சிதைந்து அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும். பெட்டியைத் திறந்தால் வினிகர் நெடி அடிக்கும். வெளிவந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். சுருள் சுருங்கி நெளிந்துவிடும். நம் நாட்டு வெயிலுக்கும் கடலோரக் காற்றுக்கும் இது மிகவும் விரைவாக நடக்கும். போதாக்குறைக்கு, கறுப்பு வெள்ளைச் சுருளில் படத்தை உருவாக்குவது வெள்ளித் துகள். அந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்கென்றே ஓடி முடிந்த படங்கள் எடைக்குப் போடப்பட்டன.

விளைவு? தமிழ் பேசிய முதற்படமான 'காளிதாஸ்' (1931) இன்று ஒரு பிரதிகூட இல்லை. அதே ஆண்டு வெளிவந்த இந்தியாவின் முதற் பேசும்படமான 'ஆலம் ஆரா'வும் இல்லை. பணக்கார நாடுகளும் இதற்கு விலக்கல்ல. ஒளிநாடாவின் விலை கருதி, பதிந்ததன்மேலேயே மீண்டும் பதிவு செய்த காலத்தில், பிரிட்டனின் பி.பி.சி. தன் புகழ்பெற்ற தொடர்களின் பகுதிகள் பலவற்றை அழித்துவிட்டது.

தப்பிப் பிழைத்த கதையும் ஒன்று உண்டு. 'மார்த்தாண்ட வர்மா' (1933) என்ற மலையாள ஊமைப்படம், நாவலின் உரிமை பற்றிய வழக்கில் சிக்கி முடக்கப்பட்டது. திரையரங்குகளில் ஓடித் தேயாமல், எடைக்கும் போகாமல் அது பதிப்பகத்தாரிடம் கிடந்தது. 1964-இல் தொடங்கப்பெற்ற தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1970-களில் அதனைப் பெற்றுக் காத்தது. அந்தக் காப்பகத்தை வளர்த்த பி.கே. நாயர் ஊர் ஊராக அலைந்து பல்லாயிரம் படங்களைச் சேர்த்தார். வழக்கில் மாட்டிய படம் வாழ்ந்தது. வெற்றி பெற்ற படங்கள் பல மாய்ந்தன. என்ன விந்தை!

செப்பனிட்டால் மக்கள் பார்ப்பார்களா என்ற ஐயம் வேண்டாம். 1964-இல் வந்த 'கர்ணன்' 2012-இல் கணினி வழியே புதுப்பிக்கப்பெற்று மீண்டும் திரைக்கு வந்தபோது 100 நாள்களைக் கடந்து ஓடியது.

சரி, அரசுக் கல்லூரி மாணவர்களாகிய நாம் என்ன செய்ய முடியும்? காப்பகம் கட்ட நம்மிடம் பணமில்லை. ஆனால் கருத்தரங்கக் கூடம் இருக்கிறது, வெண்திரை இருக்கிறது, ஒளி வீழ்த்தும் கருவியும் இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு பழைய படத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை காட்டுவோம். முடிந்ததும் ஒரு மணி நேரம் விவாதிப்போம். போற்றுவோரும் பேசட்டும், ஏசுவோரும் பேசட்டும், முழுதாகப் பார்த்திருக்க வேண்டும் என்பது ஒன்றே விதி.

"பாடம் கெடும்" என்று ஆசிரியப் பெருமக்கள் அஞ்ச வேண்டாம். தமிழ்த்துறைக்கு வசனமும், வரலாற்றுத்துறைக்குக் காலமும், இயற்பியல் துறைக்கு ஒளியும் ஒலியும், எங்கள் துறைக்குப் படச்சுருளும் பாடமாகும். "மெதுவாக நகர்கிறது" என்று நண்பர்கள் சலித்துக்கொள்ளவும் வேண்டாம். பேருந்துக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கும் நமக்கு, கல்யாணியின் துயரத்துக்கு மூன்று மணி நேரம் காத்திருக்கும் பொறுமையா இல்லை?

சட்டம் இடம் தருமா என்ற கேள்வி எழலாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதற்கு வழி காட்டுகிறது. ஒரு கல்வி நிலையத்தின் பணிகளில் ஒன்றாகத் திரைப்படம் காட்டலாம். பார்ப்பவர்கள் அந்நிலையத்தின் பணியாளர்கள், மாணவர்கள், மாணவர்களின் பெற்றோர், பாதுகாவலர், நிலையத்தோடு நேரடித் தொடர்புடையோர் ஆகிய வட்டத்துக்குள் இருந்தால் அது உரிமை மீறல் ஆகாது.

அந்தப் பட்டியலில் 'பெற்றோர்' என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நம் பெற்றோர் இந்தக் கல்லூரிக்கு எப்போது வருகிறார்கள்? சேர்க்கையன்று ஒரு முறை. கட்டணத்துக்கோ சான்றிதழுக்கோ ஒரு முறை. அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தயங்கி நிற்கிறார்கள். நாம் படிக்கும் பாடம் எதிலும் அவர்கள் நம்மோடு உட்கார்ந்து பேச இடமில்லை. ஒவ்வொரு பருவத் தேர்விலும் நாம் அவர்களைவிட்டு ஒரு படி விலகிப் போகிறோம். இந்த ஒரு பாடத்தில் மட்டும் அவர்கள் நம்மைவிட அதிகம் அறிந்தவர்கள். எந்தக் கொட்டகையில் பார்த்தார்கள், எங்கே அழுதார்கள், எதை நம்பினார்கள், பின்னர் எதை நம்பாமற் போனார்கள் என்று சொல்ல அவர்களிடம் எவ்வளவோ இருக்கிறது. கேட்க நாம் ஆயத்தமாக வேண்டும்.

படச்சுருளில் வினிகர் நெடி ஏறுவதுபோல மனித நினைவும் நாளுக்கு நாள் மங்குகிறது. அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போதே முதற் காட்சியை வைப்போம். பேரவைத் தலைவரும் துறைத்தலைவர்களும் இதனை ஆராய வேண்டுகிறேன். அந்த நாளில் முன்வரிசை நாற்காலிகளை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு விட்டுவிட்டு, நாம் பின்னால் அமர்ந்து கேட்போமாக!